பாகுப் பதமும் பேரண்டத்தின் விரிவும்

பாகுநிலை என்பது ஓடும் பொருள் தன் ஓட்டத்துக்குத் தானே கொடுக்கும் தடை. பாபநாசம் வட்டத்து வீரமாங்குடிப் பக்கம் அச்சு வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொப்பரையில் ஊற்றிய கரும்புச் சாறு முதலில் தண்ணீராக ஓடும். ஈரம் வற்ற வற்றத் துடுப்பு கனக்கும். கம்பிப் பதம் வந்ததும் இரண்டு விரல்களுக்கு நடுவே இழை நிற்கும். அங்கே தடையைக் கை அளக்கிறது. இயற்பியல் அதே தடையைப் பாஸ்கல்-விநாடி என்ற அலகால் அளக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை ஒரு பாஸ்கல்-விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விளக்கெண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ முழு ஒன்று, அதாவது தண்ணீருடையதைப் போல ஆயிரம் மடங்கு.

இந்தத் தடை இரண்டு வகைப்படும். கல்லணையில் பிரிந்து டெல்டாவுக்குள் போகும் எந்த வாய்க்காலிலும் நடுநீர் விரைந்தும் கரையோர நீர் தயங்கியும் செல்லும். அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் வழுக்கிப் போகும்போது அவற்றுக்கிடையே எழும் உராய்வு முதல் வகை; இதைச் சறுக்குப் பாகுநிலை எனலாம். பாய்மம் எந்த அடுக்கும் வழுக்காமல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்பினாலோ ஒடுங்கினாலோ அப்போதும் ஒரு தடை எழும். அது பருமப் பாகுநிலை. இதன் காரணம் ஒரு தாமதம். கன அளவு மாறும்போது மூலக்கூறுகள் தங்கள் ஆற்றலை ஓட்டத்துக்கும் சுழற்சிக்கும் மறுபடி பங்கிட்டுக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கிறது. மாற்றம் அதைவிட வேகமாக நடந்தால் அழுத்தம் பின்தங்கிவிடும்: விரியும்போது இருக்கவேண்டியதைவிடக் குறைவாகவும், ஒடுங்கும்போது அதிகமாகவும் இருக்கும். தண்ணீரின் பருமப் பாகுநிலை அதன் சறுக்குப் பாகுநிலையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. ஆனாலும் குடத்திலோ குளத்திலோ அதைக் காண முடியாது. மீயொலி தண்ணீருக்குள் எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்று அளந்துதான் கண்டுபிடித்தார்கள்.

பேரண்டவியலில் இந்த இரண்டாம் வகைக்குத்தான் முதல் மரியாதை. பேரண்டத்தை ஒட்டுமொத்தமாகக் கணக்கிடுகிறவர்கள் அதை ஒரு பாய்மமாகவும், விண்மீன் திரள்களை அதன் மூலக்கூறுகளாகவும் பாவிக்கிறார்கள். பெரும் அளவில் பார்த்தால் விரிவு எல்லாத் திசையிலும் ஒரே சீர். எந்த அடுக்கும் எதன்மீதும் வழுக்குவதில்லை. ஆகவே சறுக்குப் பாகுநிலைக்கு அங்கே வேலை இல்லை. பருமப் பாகுநிலை மட்டும் மிஞ்சுகிறது. விரிவு வேகத்தையும் பாகுநிலையையும் பெருக்கி, அதை மூன்று மடங்காக்கினால் வரும் தொகை பாய்மத்தின் அழுத்தத்திலிருந்து கழிகிறது. பாகுநிலை போதிய அளவு இருந்தால் மொத்த அழுத்தம் சுழியத்துக்கும் கீழே இறங்கி எதிர் அழுத்தம் ஆகிவிடும்.

எதிர் அழுத்தத்தின் விளைவு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில்தான் புரியும். நியூட்டனுக்கு ஈர்ப்பின் ஊற்று நிறை ஒன்றே. ஐன்ஸ்டைனிடம் அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது: ஆற்றல் செறிவோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்டி வருவதுதான் விரிவைத் தடுக்கும் ஈர்ப்பு. அழுத்தம் எதிராகி, ஆற்றல் செறிவில் மூன்றில் ஒரு பங்கை அது தாண்டிவிட்டால் கூட்டுத்தொகையின் குறி மாறும். இழுத்த ஈர்ப்பு தள்ளத் தொடங்கும். உராய்வு எப்படி வேகத்தைக் கூட்டும் என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழும். வாய்க்காலுக்குக் கரை உண்டு. கரையைத் தேய்த்து நீர் வேகம் இழக்கிறது. பேரண்டத்துக்குக் கரை இல்லை. அதன் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால், அழுத்த வேறுபாடு எதையும் தள்ளவோ இழுக்கவோ வழியில்லை. அந்த அழுத்தம் உண்டாக்கும் ஈர்ப்பு மட்டுமே கணக்கில் வரும், அது எதிர்க்குறி கொண்டது.

இந்த எண்ணம் இன்றைய விரிவின் வேகத்தை விளக்கப் பிறந்ததல்ல. 1968-இல் அமெரிக்க இயற்பியலாளர் சார்லஸ் மிஸ்னர், தாறுமாறாகத் தொடங்கிய பேரண்டத்தை நியூட்ரினோக்களின் பாகுநிலை தேய்த்துச் சீராக்கியிருக்கலாம் என்று காட்ட முயன்றார். 1971-இல் ஸ்டீவன் வைன்பெர்க் பாகுநிலையால் பேரண்டத்தில் எவ்வளவு வெப்பக்குலைவு (என்ட்ரோபி) சேரும் என்று கணக்கிட்டார். 1973-இல் மர்ஃபி என்பவர் பருமப் பாகுநிலையைப் புகுத்தி, தொடக்கப் புள்ளியே இல்லாத ஒரு பேரண்டத்தைக் காகிதத்தில் கட்டினார். இந்தியாவில் இந்த வரிசையில் முக்கியமானது 1987-இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து தாணு பத்மநாபனும் சித்ரேவும் வெளியிட்ட சிறு கட்டுரை. பாகுநிலைப் பேரண்டங்கள் என்று பொருள்படும் தலைப்பு கொண்ட அந்தக் கட்டுரை, பருமப் பாகுநிலை மட்டுமே பேரண்டத்தை விரைந்து உப்பச் செய்யக்கூடும் என்று காட்டியது. அவர்கள் மனத்தில் இருந்தது பெருவெடிப்பை ஒட்டிய முதல் கணங்களின் உப்பல். இன்றைய பேரண்டமும் அப்படி விரைந்து விரிகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அது தெரியவந்தது 1998-இல். அந்தக் கண்டுபிடிப்பின் அடியில் தஞ்சை மண்ணோடு தொடர்புள்ள ஓர் எண் கிடக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில், வளர்ந்தது சென்னையில். ஆனால் அவருடைய முன்னோர் அய்யம்பேட்டை அருகே புரசக்குடி, மாங்குடி ஊர்களில் நிலம் வைத்துப் பயிர்செய்தவர்கள். சந்திரசேகரின் சித்தப்பா சி.வி. ராமனுக்கும் அதுவே பூர்வீகம். 1930-இல் மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய வெண்குள்ளன் விண்மீன் ஒன்று, சூரியனைப் போல 1.4 மடங்கு நிறைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பது பின்னர் செம்மைப்பட்ட அதன் முடிவு. வெண்குள்ளன் பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி இந்த வரம்பை நெருங்கினால் அணுக்கரு எரிப்புத் தொற்றி வெடித்துச் சிதறும். இரண்டு வெண்குள்ளன்கள் மோதியும் இவ்வகை வெடிப்பு நேரலாம். 1ஏ வகைச் சூப்பர்நோவா எனப்படும் இந்த வெடிப்புகளின் உண்மை ஒளியளவை நம்பகமாகக் கணிக்க முடிவதால், தெரியும் ஒளியைக் கொண்டு தொலைவைச் சொல்லிவிடலாம். சால் பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் அடங்கிய இன்னொரு குழுவும் இந்த வெடிப்புகளை வைத்துத் தொலைவை அளந்தன. தொலைவில் உள்ளவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. விரிவு வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருந்தது. மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விரிவை விரைவுபடுத்தும் அந்த ஏதோவொன்றுக்கு இருள் ஆற்றல் என்று பெயர். இன்றைய கணக்குப்படி பேரண்டத்தின் ஆற்றலில் இதன் பங்கு ஏறத்தாழ 68 விழுக்காடு. இருள் பொருள் 27 விழுக்காடு. விண்மீனும் மண்ணும் நெல்லும் மனிதனும் எல்லாம் சேர்ந்து 5 விழுக்காடு. எளிய விளக்கம் 1917-இல் ஐன்ஸ்டைன் தம் சமன்பாட்டில் சேர்த்த மாறிலி: வெற்றிடத்துக்கே ஓர் ஆற்றல் உண்டு, அது மாறுவதில்லை. குவாண்டம் கோட்பாட்டின்படி அந்த ஆற்றலை நேரடியாக மதிப்பிட்டால், அளந்த அளவைவிட 1-க்குப் பின் 120 சுழியங்கள் போட்ட மடங்கு அதிகமாக வருகிறது. இவ்வளவு பெரிய பிசகு இருக்கும்போது மாற்று வழிகளைத் தேடுவதைக் குறைசொல்ல முடியாது. பாகுநிலை அந்த மாற்று வழிகளில் ஒன்று. புதிதாக ஒரு பொருளைக் கொண்டுவராமல், இருள் பொருளுக்கே கொஞ்சம் பிசுக்கு இருப்பதாகக் கொண்டால் போதாதா என்பது இதன் கேள்வி.

எவ்வளவு பிசுக்கு என்று கணக்கிட்டால் விடை திகைக்க வைக்கிறது. பேரண்டத்தின் சராசரி அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஐந்தாறு ஹைட்ரஜன் அணுக்களின் நிறை. இன்றைய விரிவு வேகத்தில் இந்தப் பாய்மத்தின் ஈர்ப்பு தள்ளத் தொடங்க வேண்டுமானால் அதன் பருமப் பாகுநிலை ஏறத்தாழ 4 கோடி பாஸ்கல்-விநாடி இருக்கவேண்டும். இன்று காணும் அளவுக்கு விரைவு வர அதைப்போல் இரு மடங்கு வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தொடங்கிய சோதனையில் ஒரு புனலிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும் கருங்கீலின் பாகுநிலை சுமார் 23 கோடி. சுத்தியால் அடித்தால் கல்லைப்போல் உடையும் அந்தக் கீல், ஒரு சொட்டு விழப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கீலுடையது சறுக்குப் பாகுநிலை, இங்கே பேசப்படுவது பருமப் பாகுநிலை என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் வெற்றிடத்துக்கு ஒரு படி மேலே இருக்கும் ஒன்றிடம் கீலை நெருங்கும் தடை வேண்டியிருக்கிறது என்பதை மறைக்க முடியாது. அறிந்த துகள் எதற்கும் இப்படி ஒரு பாகுநிலை கிடையாது.

பாகுநிலையோடு சேர்த்துப் பேசப்படும் கூடுதல் பரிமாணங்கள் கதைக்குள் வருவது வேறு வாசல் வழியாக. 1919-இல் கோனிக்ஸ்பர்க் நகரின் தியோடர் கலூட்சா, இடத்துக்கு மூன்றும் காலத்துக்கு ஒன்றுமாக உள்ள நான்கு பரிமாணங்களோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால் ஈர்ப்பும் மின்காந்தமும் ஒரே சமன்பாட்டில் அடங்கும் என்று ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். 1921-இல் அது அச்சேறியது. அந்த ஐந்தாவது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு 1926-இல் சுவீடனின் ஆஸ்கர் கிளைன் விடை சொன்னார்: அது மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கிறது. களத்து மேட்டில் கிடக்கும் வைக்கோல் பிரி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வெறும் கோடு. அதன்மேல் ஊரும் எறும்புக்கு நீளவாக்கில் போவதோடு, சுற்றிவரவும் ஒரு வழி உண்டு.

பரிமாணங்களின் எண்ணிக்கையை ஐந்தோடு நிறுத்தாமல், துகள்களை அதிரும் இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாடு மேலே கொண்டுபோனது. அதன் முதல் வடிவத்துக்கு 26 பரிமாணங்கள் தேவைப்பட்டன. அந்த எண் வந்த வழியில் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜனின் ஒரு முடிவு நிற்கிறது. 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் தொடருக்கு ஒரு பொருள் கொடுத்தால் அதன் மதிப்பு பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுவும் எதிர்க்குறியோடு என்று 1913-இல் அவர் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதிரும் இழையின் ஒவ்வொரு பக்கவாட்டுத் திசையும் தன் அடிநிலை ஆற்றலாக அந்த மதிப்பில் பாதியை, அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கை, எதிர்க்குறியோடு கொண்டுவருகிறது. கோட்பாடு முரணின்றி நிற்க இவற்றின் கூட்டுத்தொகை சரியாக எதிர் ஒன்று ஆகவேண்டும். ஆகவே பக்கவாட்டுத் திசைகள் 24. இழை நீளும் திசையையும் காலத்தையும் சேர்த்தால் 26. ராமானுஜன் 1916-இல் ஆராய்ந்த டௌ சார்பிலும் அதே 24 அடுக்காக நிற்கிறது. பின்னர் வந்த மீச்சீர் இழைக் கோட்பாடு எண்ணிக்கையைப் பத்தாகக் குறைத்துக்கொண்டது.

சுருண்ட பரிமாணம் ஏன் சுருண்டது என்பதற்குப் பேரண்டவியல் ஒரு வழி காட்டியது. எட்வர்ட் காஸ்னர் 1921-இல் கண்ட ஒரு தீர்வில் வெளி திசைக்கொரு வேகத்தில் விரியவும் சுருங்கவும் செய்யும். 1980-இல் சோடஸ், டெட்வைலர் இருவரும் அதையே ஐந்து பரிமாணங்களுக்குப் பொருத்தினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தீர்வில் நமக்குத் தெரிந்த மூன்று திசைகளும் காலத்தின் வர்க்கமூலமாக வளரும். நான்காம் இடத்திசை அதே வீதத்தில் தேயும். பேரண்டத்தின் வயது நூறு மடங்கானால் மூன்று திசைகள் பத்து மடங்காகும், மறைவான திசை பத்தில் ஒன்றாகும். கூடுதல் பரிமாணம் தொடக்கத்திலேயே சுருண்டிருக்க வேண்டியதில்லை, வயதாக ஆகத் தேய்ந்து மறைந்திருக்கலாம் என்பது இதன் பொருள்.

பாகுநிலைக்கும் கூடுதல் பரிமாணத்துக்கும் முடிச்சு விழுவது இங்கேதான். திசைக்குத் திசை வேகம் மாறினால் சீரான விரிவு போய்விட்டது. வேலையில்லாமல் ஒதுங்கியிருந்த சறுக்குப் பாகுநிலைக்கு மறுபடி வேலை வருகிறது. அது வேக வேறுபாட்டைத் தேய்த்து வெப்பமாக்கும். தேய்ப்பு மிதமிஞ்சினால், சுருங்கவேண்டிய திசையையும் மற்ற மூன்றோடு இழுத்துக்கொண்டு விரியச் செய்துவிடும். அப்படி நடந்திருந்தால் இன்று அது கண்ணில் பட்டிருக்கும். பருமப் பாகுநிலையின் கணக்கும் மாறுகிறது. மூன்று திசைகள் ஆளுக்கு ஒரு பங்கு விரிய, நான்காவது ஒரு பங்கு சுருங்கினால் மொத்த விரிவு இரண்டு பங்குதான். எதிர் அழுத்தமும் அந்த விகிதத்தில் குறையும். இருள் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டால் எந்தப் பாகுநிலைக்கு மூன்று திசைகள் விரைந்து விரியும், மற்றவை அடங்கிக் கிடக்கும் என்பது சிக்கலான கணக்காகிவிடுகிறது. விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம், மகாராஷ்டிரத்தின் அமராவதி என்று இந்தியக் கணிதத் துறைகள் பலவற்றிலிருந்து இந்த வகைத் தீர்வுகள் ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றில் கணிசமானவை, சமன்பாட்டைத் தீர்க்க வசதியாக, விரிவுக்கும் சறுக்குக்கும் ஒரு விகிதத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்கின்றன. அந்த விகிதம் இயற்கையில் ஏன் அமைய வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லப்படுவது அரிது. கணக்கு சரியாக இருந்தும் இயற்பியல் மெலிந்து நிற்பது அதனால்தான்.

ஐந்தாம் பரிமாணத்தைக் கொண்டு பாகுநிலையையே கணக்கிடும் முயற்சி இதைவிட உறுதியான பலன் தந்தது. 2001-இல் பொலிகாஸ்ட்ரோ, சோன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் ஐந்து பரிமாண வெளியில் உள்ள ஒரு கருந்துளையைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான நான்கு பரிமாணப் பாய்மத்தின் சறுக்குப் பாகுநிலையைப் பெற்றார்கள். பாகுநிலையை வெப்பக்குலைவுச் செறிவால் வகுத்தால் பிளாங்க் மாறிலி, போல்ட்ஸ்மன் மாறிலி, பை ஆகியவை மட்டுமே அடங்கிய ஓர் எளிய எண் கிடைக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம், தங்க அணுக்கருக்களை மோதவிட்டு உண்டாக்கிய குவார்க் குழம்பு ஏறத்தாழப் பிசுக்கே இல்லாத திரவமாக நடந்துகொள்வதாக அறிவித்தது. அதன் விகிதம் அந்த எண்ணுக்கு வெகு அருகில் இருந்தது. பேரண்டம் பிறந்து சில மைக்ரோ விநாடிகள் வரை அதை நிரப்பியிருந்தது இந்தக் குழம்புதான். 2008-இல் டாடா நிறுவனத்தின் ஷிராஸ் மின்வாலா, சாயந்தனி பட்டாச்சார்யா ஆகியோர் இங்கிலாந்தின் முகுந்த் ரங்கமணி, வெரோனிகா ஹியூபனி ஆகியோரோடு சேர்ந்து, ஐந்து பரிமாணத்தில் ஐன்ஸ்டைன் சமன்பாடு நான்கு பரிமாணத்தில் பிசுக்குள்ள பாய்மத்தின் சமன்பாடாகவே மாறுகிறது என்று படிப்படியாகக் காட்டினார்கள். இருள் ஆற்றலைத் தேடுகிறவருக்கு இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு: அந்தப் பாய்மத்தின் பருமப் பாகுநிலை சுழியம்.

இந்த மாதிரிகள் அளவுக்கருவியின் முன் எப்படி நிற்கின்றன என்பது தனிக் கேள்வி. முதல் குறை கோட்பாட்டுக்குள்ளேயே உண்டு. கார்ல் எக்கார்ட் 1940-இல் தந்த சார்பியல் பாகுநிலைச் சமன்பாட்டில் வெப்பமும் உராய்வும் ஒளியைவிட வேகமாகப் பரவிவிடுகின்றன. 1979-இல் இஸ்ரேல், ஸ்டூவர்ட் இருவரும் அதைத் திருத்தி, பாகுநிலை வேலைசெய்யத் தொடங்கவே ஒரு தாமதம் உண்டு என்று சேர்த்தார்கள். எளிமைக்காகப் பல கட்டுரைகள் இன்றும் பழைய சமன்பாட்டையே கையாள்கின்றன. அடுத்த குறை விண்மீன் திரள்களிடமிருந்து வருகிறது. 2009-இல் லீ, பாரோ இருவரும் காட்டியபடி, இருள் பொருளுக்குப் போதிய பிசுக்கு ஏற்றினால் பேரண்டம் விரைந்து விரியும்தான், ஆனால் சிறு திரட்சிகள் வளர முடியாமல் கரைந்துபோகும்; பெருவெடிப்பு விட்டுச்சென்ற பின்னணிக் கதிர்வீச்சிலும் காணாத தடயம் பதிந்துவிடும். சூப்பர்நோவாக் கணக்கில் தேறும் மாதிரி, திரள்களின் கணக்கில் தவறுகிறது. சறுக்குப் பாகுநிலைக்கு ஈர்ப்பலைகள் வரம்பு போடுகின்றன. பிசுக்குள்ள பாய்மத்தில் ஈர்ப்பலை தேயும் என்று 1966-இலேயே ஸ்டீபன் ஹாக்கிங் காட்டியிருந்தார். கோடிக்கணக்கான ஒளியாண்டு கடந்தும் அலைகள் எதிர்பார்த்த வலிமையோடு வந்து சேர்கின்றன.

அதே அலைகள் பரிமாணத்தையும் எண்ணின. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 13 கோடி ஒளியாண்டு கடந்து 1.7 விநாடி இடைவெளியில் பூமியை அடைந்தன. ஈர்ப்பு வேறொரு பெரிய பரிமாணத்துக்குள் கசிந்திருந்தால் அலை மெலிந்து வந்திருக்கும். இருள் ஆற்றலே தேவையில்லை, ஈர்ப்பு ஐந்தாம் பரிமாணத்துக்குள் கசிவதுதான் விரைவுக்குக் காரணம் என்று 2000-இல் துவாலி, கபடாட்சே, பொர்ராட்டி மூவரும் ஒரு மாதிரி முன்வைத்திருந்தார்கள். மோதலின் கணக்கில் அப்படிக் கசிவு எதுவும் தென்படவில்லை. மிகச் சிறிதாகச் சுருண்ட பரிமாணத்தை இந்தச் சோதனை தொடாது. அதற்குச் சியாட்டிலில் முறுக்குத் தராசு கொண்டு அளக்கிறார்கள். 2020-இல் 52 மைக்ரான் இடைவெளி வரைக்கும், தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த தூரம் வரைக்கும், நியூட்டனின் விதி பிசகவில்லை. சுருண்ட பரிமாணம் இன்னும் சுருங்கிக்கொண்டோ விரிந்துகொண்டோ இருந்தால் ஈர்ப்பு மாறிலியும் மாறவேண்டும். சந்திரனுக்கு லேசர் அனுப்பி அளந்ததில் அது ஆண்டுக்கு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட மாறவில்லை.

அளவீடுகளில் அண்மையில் அசைந்திருப்பது இருள் ஆற்றலே. அரிசோனாவின் கிட் மலையில் இயங்கும் டெசி கருவி, ஒன்றரைக் கோடியை நெருங்கும் விண்மீன் திரள்களையும் குவாசார்களையும் வரைபடமாக்கி, 2025 மார்ச்சில் மூன்றாண்டுத் தரவின் முடிவுகளை வெளியிட்டது. அதைப் பின்னணிக் கதிர்வீச்சு, சூப்பர்நோவா அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் இருள் ஆற்றல் மாறாத மாறிலியாக இல்லாமல் காலப்போக்கில் தளர்ந்துவருவதாகத் தோன்றுகிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இதன் உறுதி 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலில் 5 சிக்மா வேண்டும். மாறிலிக்கு இடமில்லை என்று முடிவானால், விரிவு வேகம் தளரும்போது கூடவே தளரும் எதிர் அழுத்தம் கொண்ட பாகுநிலை மாதிரிகளையும் மறுபடி எடுத்துச் சோதிக்கவேண்டியிருக்கும். திரள்களைக் கரைத்துவிடும் பழைய குறைக்கு அப்போதும் அவை பதில் சொல்லியாக வேண்டும்.